பாரிஸ் முற்றுகையும் சர்க்கரை வியாதியும்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சோழர்களைவிட நெப்போலியனைப் பற்றித்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தார்கள். பாரிஸ் முற்றுகையும் அப்படிப் படித்ததுதான். 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை நகரைச் சுற்றி வளைத்தது. 1871 ஜனவரி கடைசி வரை உள்ளே எதுவும் வரவில்லை. ஜனங்கள் குதிரையைத் தின்றார்கள், பிறகு நாய், பூனை, எலி. காஸ்டர், பொலுக்ஸ் என்ற இரண்டு யானைகளும் கறியாயின. வுவாசென் என்ற பெரிய ஓட்டலின் 1870 கிறிஸ்துமஸ் விருந்துப் பட்டியலில் யானை சூப் இருந்தது. பையன்களான எங்களுக்கு அந்த யானைகள் மட்டும் மனதில் நின்றுவிட்டன.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதியைப் பல வருஷம் கழித்து, எனக்கே சர்க்கரை வந்த பிறகுதான் படித்தேன்.

அந்த நகரத்தில் அப்பொலினேர் புஷார்தா என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஓத்தெல் தியே ஆஸ்பத்திரியில் பல காலம் தலைமை மருந்தாளர், பிறகு மருத்துவக் கல்லூரியில் சுகாதாரப் பேராசிரியர். சர்க்கரை நோயாளிகளைத் தங்கள் சிறுநீரைத் தாங்களே சோதிக்கச் சொன்னவர். முற்றுகையில் ரொட்டி ரேஷன் குறைந்துகொண்டே வந்தது. ஜனவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம், அதிலும் தவிடும் ஓட்ஸும் கலப்படம். அந்த மாதங்களில் தம் நோயாளிகள் பலருக்குச் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததை அவர் கவனித்தார். இன்சுலின் கண்டுபிடிக்க இன்னும் 50 வருஷம் இருந்தது. கூடியவரை குறைவாகச் சாப்பிடுங்கள், உடம்பு வேர்க்க உழையுங்கள் என்பதே அவர் வைத்தியம்.

பட்டினி நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. அதே முற்றுகையில் கைக்குழந்தைகளும் கிழவர்களும் குளிரிலும் பசியிலும் நோயிலும் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். மெலிந்தவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு ஜாதி என்பதை லான்சரோ என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் பிறகு பிரித்துக் காட்டினார். அவர்களுக்குச் சோற்றைக் குறைத்தால் ஆபத்து. புஷார்தாவின் மருந்து தொப்பை உள்ளவர்களுக்கு.

இதில் ஒரு வேடிக்கை. ரத்தக் குழாய் அடைப்பு வெறும் கொழுப்புப் படிவதல்ல, குழாய்ச் சுவரில் உண்டாகும் அழற்சி என்று 1850களிலேயே சொன்னவர் ஃபிர்கோ. அவர் ஜெர்மானியர்! இந்தப் போரில் காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி ரயில் விட்டவர். ஒருவர் கோட்டைக்கு உள்ளே, மற்றவர் வெளியே. இருவர் சொன்னதும் ஒரே வியாதியின் இரண்டு முனை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1990களில்தான் முடிச்சு அவிழ்ந்தது. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையல்ல. அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அவை இன்சுலினின் வேலையையும் கெடுக்கின்றன, குழாய்ச் சுவரையும் புண்ணாக்குகின்றன. எடை குறைந்தால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவும் இறங்குகிறது. என் மருத்துவர் எழுதித் தரும் சோதனைச் சீட்டில் அந்த மூன்றெழுத்து இருக்கும். நெடுநாள் அது ஏதோ போலீஸ் படை என்றே நினைத்திருந்தேன்!

பாரிஸ் கதை நார்வேயிலும் நடந்தது. 1940ல் ஜெர்மானியர் பிடித்தபின் அங்கே வெண்ணெய், இறைச்சி, முட்டை எல்லாம் சுருங்கின. மாரடைப்பு, ரத்தக் குழாய் நோய்களால் சாகிறவர்களும் குறைந்தார்கள். 1945ல் விடுதலை வந்தது, வெண்ணெய் வந்தது. சாவுக் கணக்கும் மறுபடி ஏறத் தொடங்கியது.