ரெட் ஸ்பெஷல்

ரெட் ஸ்பெஷல் என்பது பிரித்தானிய ராக் இசைக்குழுவான குயின் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே, தம் தந்தை ஹரோல்ட் மேயுடன் சேர்ந்து வீட்டிலேயே கையால் செய்த மின் கிதார் ஆகும். 1963 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கிய இப்பணி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. குயின் குழுவின் பெரும்பாலான இசைப்பதிவுகளிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் பிரையன் மே இக்கிதாரையே வாசித்துள்ளார்.

பின்னணி

பிரையன் மே 1947 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாள் பிறந்தார். பள்ளி மாணவராக இருந்த காலத்தில் பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற அமெரிக்கக் கிதார்களை வாங்க அவர் விரும்பினார். ஆனால் அவற்றின் விலை அவரது குடும்பத்தின் வருவாய்க்கு எட்டாததாக இருந்தது. மின்னணுவியல் பொறியாளரான ஹரோல்ட் மே, வீட்டுக்குத் தேவையான தொலைக்காட்சிப் பெட்டியைத் தாமே செய்த அளவுக்குக் கைத்திறன் உடையவர். எனவே தந்தையும் மகனும் லண்டனின் மேற்குப் பகுதியிலுள்ள பெல்த்தம் என்னுமிடத்தில் இருந்த தம் வீட்டிலேயே கிதார் ஒன்றைச் செய்ய முடிவு செய்தனர். பெரும்பாலான வேலைகள் சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டே செய்யப்பட்டன.

பயன்படுத்தப்பட்ட பொருட்கள்

கிதாரின் கழுத்துப் பகுதி, பழைய கணப்பு அடுப்பு ஒன்றின் மேற்சட்டமாக இருந்த மகோகனி மரத்தில் செதுக்கப்பட்டது. அம்மரத்தில் புழு அரித்த துளைகள் தீக்குச்சிகளால் அடைக்கப்பட்டன. உடற்பகுதியின் மையம் பழைய மேசை ஒன்றின் ஓக் மரத்தால் ஆனது. அதன் பக்கங்கள் ஒட்டுப்பலகையால் அமைக்கப்பட்டு, மேலே மெல்லிய மகோகனித் தகடு ஒட்டப்பட்டது. விரற்பலகையில் உள்ள வெண்புள்ளிகள் பிரையனின் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் ஆகும்.

கம்பிகளின் இழுவிசையால் கழுத்து வளையாமல் இருக்க அதனுள் எஃகுத் தண்டு ஒன்று பொருத்தப்பட்டது. மெட்டுகளுக்கான உலோகக் கம்பி, கம்பிகளை முறுக்கும் திருகுகள் போன்ற சில பொருட்கள் மட்டுமே கடையில் வாங்கப்பட்டன.

மெட்டுகளின் அமைப்பு

வீணையில் இருப்பது போலவே கிதாரிலும் சுரங்களின் இடத்தை மெட்டுகள் தீர்மானிக்கின்றன. ஒரு மெட்டு சிறிது விலகினாலும் அதில் எழும் சுரம் பிசகும். வீட்டில் கிதார் செய்பவர்க்கு இதுவே மிகக் கடினமான பகுதியாகும்.

ரெட் ஸ்பெஷலில் கம்பியின் அதிரும் நீளம் 24 அங்குலம். சம இடைவெளிச் சுரமுறையில், ஒவ்வொரு மெட்டும் எஞ்சியுள்ள நீளத்தை 17.817 ஆல் வகுத்துக் கிடைக்கும் தொலைவில் அமைய வேண்டும். இதன்படி முதல் மெட்டு ஏறத்தாழ 1.35 அங்குலத்திலும், பன்னிரண்டாம் மெட்டு சரியாகப் பாதி நீளமான 12 அங்குலத்திலும் அமையும். இக்கிதாரில் 24 மெட்டுகள் உள்ளன. எனவே ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு ஸ்தாயிகளை வாசிக்கலாம்.

சுருதி அசைவுப் பொறி

கம்பிகளைத் தளர்த்தியும் இறுக்கியும் சுருதியை அசைக்கும் நெம்புகோல் ஒன்று இதில் உள்ளது. இத்தகைய பொறிகளில் உராய்வு மிகுந்தால் கம்பிகள் பழைய நிலைக்குத் திரும்பாமல் சுருதி கலைந்துவிடும். இதனைத் தவிர்க்கப் பொறி முழுவதும் கடினமாக்கப்பட்ட எஃகுக் கத்திமுனை ஒன்றின் மீது அசையுமாறு அமைக்கப்பட்டது. கம்பிகள் சிறு உருளைகளின் மீது செல்கின்றன. கம்பிகளின் இழுவிசைக்கு எதிர்விசை தருபவை, 1928 ஆம் ஆண்டின் பாந்தர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வுச் சுருள்வில்கள் ஆகும். நெம்புகோலின் கைப்பிடி மிதிவண்டிப் பையைத் தாங்கும் கம்பியிலிருந்தும், அதன் முனை பின்னல் ஊசியிலிருந்தும் செய்யப்பட்டன.

மின்னமைப்பு

கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள் பிக்கப் எனப்படுகிறது. முதலில் பிரையன் மே பிக்கப்புகளையும் தாமே செய்தார். ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் வளைத்து வாசிக்கும்போது அவற்றின் காந்தத் துருவ அமைப்பினால் கரகரப்பான ஒலி எழுந்தது. ஆகவே பேர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று டிரை-சோனிக் பிக்கப்புகள் வாங்கிப் பொருத்தப்பட்டன. அவை வீறிடாமல் இருக்க எப்பாக்சிப் பசையால் நிரப்பப்பட்டன.

பெரும்பாலான கிதார்களில் பிக்கப்புகள் பக்க இணைப்பில் இருக்கும். ரெட் ஸ்பெஷலில் அவை தொடர் இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் ஆறு சொடுக்கிகள் உள்ளன. ஒன்று பிக்கப்பை இயக்கும் அல்லது நிறுத்தும். மற்றது அதன் கட்டத்தைத் தலைகீழாக்கும். ஒரே கட்டத்தில் இணைந்தால் ஒலி தடித்தும், எதிர்க்கட்டத்தில் இணைந்தால் மெலிந்து கூர்மையாகவும் கேட்கும். இக்கிதார் ஒன்றிலிருந்தே பல்வேறு ஒலிவண்ணங்கள் பிறப்பதற்கு இதுவே காரணமாகும்.

பயன்பாடு

பிரையன் மே நெகிழியால் ஆன வில்லைக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் கம்பிகளை மீட்டுகிறார். வாக்ஸ் ஏசி30 ஒலிபெருக்கிகளுடன், குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் குப்பையில் கண்டெடுத்த மின்சுற்றைக் கொண்டு செய்த சிறிய ஒலிபெருக்கியையும் ஒலிப்பதிவுகளில் பயன்படுத்தியுள்ளார். 1975 இல் வெளியான போஹிமியன் ராப்சடி பாடலில் ஒலிப்பது ரெட் ஸ்பெஷலே. 2002 ஆம் ஆண்டு ஜூன் 3 ஆம் நாள், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் பொன்விழாவில் பக்கிங்காம் அரண்மனையின் கூரை மீது நின்று அவர் பிரித்தானிய நாட்டுப்பண்ணை இக்கிதாரில் வாசித்தார்.

முனைவர் பட்ட ஆய்வைக் கைவிட்டு மகன் இசைத்துறைக்குச் சென்றதை ஹரோல்ட் மே எளிதில் ஏற்கவில்லை. அம்மகனை உலகறியச் செய்த இசைக்கருவி அவரது உழைப்பிலும் உருவானது என்பது குறிப்பிடத்தக்கது. வானியற்பியலில் தாம் விட்ட ஆய்வை நிறைவு செய்து பிரையன் மே 2007 இல் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார்.

படிகளும் சீரமைப்பும்

1984 இல் அமெரிக்காவின் கில்ட் நிறுவனம் இதன் படிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியக் கிதார் வினைஞர் கிரெக் பிரையர் 1990களில் நுணுக்கமான படிகளைச் செய்தார். 1998 இல் அவரே மூலக் கிதாரைச் சீரமைத்தார்.