கௌகேட்டில் பிறந்தவர்

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோ, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு நகரங்களோ என்று காண்போரை மயங்கச் செய்வது. குன்றின் முதுகில் கோட்டையும் தேவாலயங்களும் நீதிமன்றங்களும் வரிசையாக விளங்க, தெற்குச் சரிவின் அடியில், பெரும் பாலங்கள் இரண்டு தலைக்குமேல் கடந்து செல்ல, வெயில் அருமையாகவே இறங்கும் குறுகிய தெருவொன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதன் பெயர் கௌகேட். அப்பாலங்களுள் ஒன்றான நான்காம் ஜார்ஜ் பாலத்தின் அடிச்சுவரில் பதித்துள்ள நினைவுப் பலகை, 1868-ஆம் வருஷம் ஜூன் மாதம் 5-ஆம் தேதி, இத்தெருவின் 107-ஆம் எண்ணுள்ள இல்லத்தில் ஜேம்ஸ் கானலி ஜனித்தார் என்று அறிவிக்கிறது. 1916-ல் டப்ளின் நகரில் ஐரிஷ் குடியரசைப் பிரகடனம் செய்து கையொப்பமிட்ட எழுவரில் ஒருவர் அவர். அதற்கு விலையாகத் தம் உயிரையே கொடுத்தவர்.

ஐரிஷ் சுதந்திர வீரர் ஒருவர் ஸ்காட்லாந்தின் தலைநகரில் பிறந்தது எவ்வாறு என்பதற்கு, 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரைப் பற்றிய நோயிலிருந்து தொடங்கியே விடை கூறவேண்டும். அந்த நோயைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மடிந்தனர். அதே அளவினர் தாய்நாட்டைத் துறந்து கப்பலேறினர். அமெரிக்கா செல்லக் கையில் பொருளில்லாத பலர் அண்டையிலுள்ள ஸ்காட்லாந்தை அடைந்து, எடின்பரோவில் வாடகை மிகக் குறைந்த இடமான கௌகேட்டில், செல்வர்கள் புது நகரத்துக்குக் குடிபெயர்ந்தபின் சிதைந்து நின்ற பல மாடிக் கட்டடங்களில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக ஒண்டிக்கொண்டார்கள். 1861-ல் குன்றின்மேலுள்ள ஹை ஸ்ட்ரீட் தெருவில் அத்தகைய பழைய கட்டடமொன்று நள்ளிரவில் இடிந்து விழுந்து 35 பேரைப் பலிகொண்ட பின்னரே நகரத்தார் கண் விழித்தனர். மறு வருஷம் சுகாதார அதிகாரியாக நியமனம் பெற்ற ஹென்றி லிட்டில்ஜான் 1865-ல் வெளியிட்ட அறிக்கை, அக்குடியிருப்புகளின் ஜன நெருக்கத்தையும் நோயையும் மரணத்தையும் ஒளிவின்றி எடுத்துரைத்தது. கானலி பிறந்தது அந்த அறிக்கை வெளியான மூன்றாம் வருஷத்தில்.

‘சின்ன அயர்லாந்து’ என்றே ஊரார் அழைத்த கௌகேட்டில், புனித பாட்ரிக் ஆலயமும் அதைச் சார்ந்த பள்ளியும் ஏழை ஜனங்களுக்குப் புகலிடமாக இருந்தன. இன்றும் பிரசித்தி பெற்று விளங்கும் ஹிபெர்னியன் கால்பந்துக் கழகம், 1875-ல் அந்த ஆலயத்து இளைஞர்களைக் கொண்டே தோன்றியது. கானலியின் தந்தை, நகரசபையின் கீழ், இரவு வேளைகளில் தெருக்களின் சாணத்தையும் கழிவையும் வண்டியில் வாரிச் செல்லும் தொழிலாளி. மகனோ பத்து, பதினொரு பிராயத்திலேயே அச்சுக்கூடத்திலும், பின்னர் ரொட்டிக் கிடங்கிலும், பதிகல் செய்யும் தொழிற்சாலையிலும் கூலிக்கு உழைத்தான். பிற்காலத்தில் தொழிலாளரின் துயரத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் காணும் உறுதியை நூலறிவால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பது என் துணிபு.

இவ்வளவு தெளிவான இந்த ஜன்ம ஸ்தலம், அவர் மரித்து நெடுங்காலம் வரை உலகுக்கு மறைந்தே இருந்தது. அயர்லாந்தின் மோனகன் ஜில்லாவில், க்ளோன்ஸ் என்ற ஊருக்கு அருகில் பிறந்தவர் அவர் என்றே சரித்திரக்காரர் எழுதிவந்தனர். 1911-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலும் அவருடைய பிறப்பிடம் மோனகன் என்றே பதிவாகியிருக்கிறது. டெஸ்மண்ட் கிரீவ்ஸ் என்னும் ஆசிரியர் எடின்பரோவின் ஜனனப் பதிவேட்டை ஆராய்ந்து, 1961-ல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில் உண்மையை நிலைநாட்டினார். பதினான்கு வயதில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்த கானலி, சிப்பாயின் உடையிலேயே முதன்முதலாக அயர்லாந்து மண்ணை மிதித்தார் என்றும், சேவைக்காலம் முடியுமுன்பே ராணுவத்தை விட்டகன்றார் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இளமைக்கால வரலாற்றை அவர் அதிகம் வெளியிடாததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். எக்காரணமாயினும், அதனால் அவருடைய தேசபக்திக்கு அணுவளவும் குறைவில்லை. பஞ்சம் துரத்திவிட்ட ஜனங்களின் பிள்ளைகள் எந்த மண்ணில் பிறந்தாலும், அவர்களைத் துரத்திய அநீதியின் நினைவு அவர்களுடைய வீட்டிலேயே இருந்தது; தேசத்தின் எல்லையை அறிய நிலப்படத்தைப் பார்ப்பதோடு இத்தெருவையும் பார்க்கவேண்டும்.

திருமணத்துக்குப்பின் எடின்பரோவிலேயே தந்தையைப் போல் நகரசபை வண்டி ஓட்டிய அவர், 1894-ல் செயின்ட் ஜைல்ஸ் வட்டத்தில் சோஷலிஸ்ட் அபேட்சகராக நகரசபைத் தேர்தலில் நின்று, 263 வாக்குகள் பெற்றுத் தோற்றார். செருப்புத் தைக்கும் கடை வைத்ததும் நஷ்டத்திலேயே முடிந்தது. 1896-ல் டப்ளினுக்குச் சென்று ஐரிஷ் சோஷலிஸ்ட் குடியரசுக் கட்சியை ஸ்தாபித்தார். இடையில் ஏழு வருஷம் அமெரிக்காவில் கழித்து, 1910-ல் திரும்பினார். 1913-ல் டப்ளின் முதலாளிகள் தொழிலாளரை மாதக்கணக்கில் வெளியே நிறுத்திக் கதவடைத்தபோது, போலீஸ் தடியடியிலிருந்து அவர்களைக் காக்க எழுந்த பிரஜா சேனையே, 1916-ல் குடியரசைப் பிரகடனம் செய்து டப்ளின் தபால் நிலையத்தைக் கைப்பற்றிய படையின் ஓர் அங்கமாயிற்று. போரில் கணுக்காலில் குண்டு பாய்ந்து நிற்க இயலாதவரானதால், மே மாதம் 12-ஆம் தேதி, கில்மெயின்ஹாம் சிறையில் பிரிட்டிஷார் அவரை நாற்காலியில் அமர்த்திச் சுட்டுக் கொன்றனர்.

கௌகேட்டின் பலகை அந்த மரணத்தையும் குறிப்பிடுகிறது. ஆனால் அவரை முதலில் சர்வதேசப் புகழ்பெற்ற தொழிற்சங்கத் தலைவர் என்றும், உழைக்கும் வர்க்கத்தின் தலைவர் என்றும் கூறிவிட்டுப் பிறகே ஐரிஷ் குடியரசின் தற்காலிக அரசாங்கத்தில் அவர் வகித்த ஸ்தானத்தைச் சொல்கிறது. டப்ளின் புரட்சியை மட்டும் நினைப்போருக்கு இவ்வரிசை வியப்பாகத் தோன்றலாம். எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே தோன்றுகிறது. அயர்லாந்தின் தொழிலாளர் கூட்டங்களில் இறுதிவரை எடின்பரோ உச்சரிப்பு மாறாத பேச்சோடு நின்ற அந்த மனிதர், கூலி உயர்வையும் தேச விடுதலையையும் ஒரே கோரிக்கையாகவே எழுப்பினார்.