திரை இருண்டால் பூட்லோடரை மாற்றலாமா? க்ளோவர், ஓப்பன்கோர்: ஓர் ஒப்பாய்வு

ஹாக்கின்டோஷ், அதாவது மேக் ஓஎஸ் ஓடும் ஆப்பிள் அல்லாத கணினி, வைத்திருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மானிட்டர் இருண்டுபோனால் முதலில் பூட்லோடரைத்தான் சந்தேகிப்பார்கள். க்ளோவரை அழித்துவிட்டு ஓப்பன்கோரைப் போடுவார்கள். சில நேரம் படம் வந்துவிடும். வந்ததும் பழையது மோசம், புதியது உயர்வு என்று தீர்ப்பும் வந்துவிடும். அந்தத் தீர்ப்பில் பாதிதான் உண்மை. இரண்டையும் திரைக் கோளாறு என்ற ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால், மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

பின்னணி

ஆப்பிள் நிறுவனம் 2006 ஜனவரியில் இன்டெல் சிப் வைத்த முதல் மேக் கணினிகளை வெளியிட்டது. மேக்கில் இருக்கும் அதே வகை பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கத் தொடங்கின. பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்து, அதில் மேக் ஓஎஸ் ஓட்டிப் பார்க்கும் ஆசை அதனால் பரவியது. தமிழில் அச்சு வேலை பார்ப்பவர்களுக்கு அந்த ஆசைக்குக் கூடுதல் காரணமும் இருந்தது. 2005இல் வந்த டைகர் பதிப்பிலேயே மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு சேர்ந்து வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் கணினியில் மட்டுமே நிறுவலாம் என்பது அதன் உரிம நிபந்தனை. இத்தகைய கணினிகளைச் செய்து விற்ற அமெரிக்காவின் சைஸ்டார் நிறுவனத்தின் மீது ஆப்பிள் 2008இல் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டே வென்றது. எனவே இது கற்றுக்கொள்வதற்கான வேலை. விற்பனைக்கு உரியதன்று.

இரண்டு குணங்கள்

சாதாரணக் கணினியை மேக் என்று மேக் ஓஎஸ்ஸை நம்பவைப்பது பூட்லோடரின் பணி. 2010களின் பிற்பாதியில் அந்த இடத்தில் க்ளோவர் இருந்தது. 2019இல் அசிடாந்தெரா குழுவின் ஓப்பன்கோர் வந்தது. இரண்டுமே இஎஃப்ஐ பகுதியில் குடியிருப்பவை. இரண்டுக்கும் கான்ஃபிக் பிளிஸ்ட் என்ற ஒரே கோப்புதான் மூளை.

வேறுபாடு குணத்தில் இருக்கிறது. உக்கிராண அறையில் இருப்பதையெல்லாம் எடுத்துப் போட்டுச் சமைத்துவிடும் சமையல்காரரைப் போன்றது க்ளோவர். ஓப்பன்கோரோ கையில் கொடுத்த பட்டியலில் இல்லாத ஒன்றைத் தொடாது. க்ளோவரின் கெக்ஸ்ட் கோப்புறையில் ஒரு கெக்ஸ்ட்டை, அதாவது மேக் ஓஎஸ்ஸுக்கான டிரைவர் கோப்பை, போட்டாலே போதும், அது ஏறிவிடும். ஓப்பன்கோரில் கோப்பை வைத்தால் மட்டும் போதாது. அதன் பெயரை கான்ஃபிக்கில் எழுத வேண்டும், வரிசையும் சரியாக இருக்க வேண்டும். லிலு என்ற கெக்ஸ்ட் முதலில், அதை நம்பியிருக்கும், கிராபிக்ஸைச் சரிசெய்யும் வாட்எவர்கிரீன் அதற்குப் பிறகு. வரிசை பிசகினால் வாட்எவர்கிரீன் வேலை செய்யாது, திரையும் வராது.

திரை எந்தக் கட்டத்தில் இருள்கிறது?

முதல் கட்டம், பயாஸ் லோகோவே தெரியாத நிலை. இங்கே இரண்டு பூட்லோடருக்கும் பங்கில்லை. சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். உப்புக் காற்று எச்டிஎம்ஐ முனைகளையும் ரேம் ஸ்லாட்டையும் மெல்ல அரிக்கும். கேபிளைக் கழற்றி, முனையைத் துடைத்து, வேறு கேபிளில் சோதித்த பிறகே மென்பொருளைக் குறை சொல்ல வேண்டும். மானிட்டர் மதர்போர்டில் சொருகியிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டாம் கட்டம், லோகோ வந்தும் தேர்வுப் பட்டியல் வராத நிலை. இது பூட்லோடரின் சொந்தப் பொறுப்பு. பயாஸில் பழைய முறை பூட்டுக்கான சிஎஸ்எம் அணைந்திருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. க்ளோவரில் திரை அளவை ஜியுஐ பிரிவில் எழுதுகிறோம். ஓப்பன்கோரில் அவுட்புட் பிரிவில் ரெசல்யூஷனை மேக்ஸ் என்று வைத்து, புரொவைட் கன்சோல் ஜிஓபி என்பதையும் இயக்குகிறோம். இந்தக் கட்டத்தில் மட்டும் பூட்லோடரை மாற்றுவது நேரடி மருந்தாகலாம்.

மூன்றாம் கட்டம்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம். ஆப்பிள் லோகோ வரும், கோடு பாதி நகரும், பிறகு இருட்டு. மேக் ஓஎஸ்ஸின் கிராபிக்ஸ் டிரைவர் திரையைக் கையில் எடுக்கும் நொடி அது. பூட்லோடரின் வேலை அதற்கு முன்பே ஏறக்குறைய முடிந்துவிட்டது. இங்கே பேசுவது வாட்எவர்கிரீனும் கான்ஃபிக்கில் நாம் எழுதிய டிவைஸ் பிராப்பர்ட்டிகளும். அவை இரண்டு பூட்லோடரிலும் ஒன்றே. தவறான மதிப்பை க்ளோவரிலிருந்து ஓப்பன்கோருக்குச் சுமந்து போனால் இருட்டும் கூடவே போகும்.

இன்டெல் எச்டி 630 ஓர் எடுத்துக்காட்டு. திரைக்குப் படம் அனுப்ப அதன் பிளாட்ஃபார்ம் ஐடி 59120000. தனி கிராபிக்ஸ் கார்டு படம் காட்ட, இது கணக்கு வேலைக்கு மட்டும் என்றால் 59120003. இரண்டாவதை எழுதிவிட்டு மதர்போர்டில் மானிட்டரைச் சொருகினால் படம் வராது. க்ளோவரின் கிராபிக்ஸ் பிரிவில் இந்த எண்ணை அப்படியே எழுதலாம். பிராப்பர்ட்டீஸ் பகுதியிலோ ஓப்பன்கோரிலோ எழுதும்போது இரண்டிரண்டு இலக்கமாகப் பின்னிருந்து அடுக்கி 00001259 என்று எழுத வேண்டும். மாறிப் போகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. மேலும், 59120000 என்ற ஐடியில் மூன்று இணைப்புகளும் டிஸ்ப்ளே போர்ட் என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. எச்டிஎம்ஐ வழியே மானிட்டர் இருந்தால் அந்த இணைப்பின் வகையை 00080000 என்று திருத்த வேண்டியிருக்கும்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 5000 வரிசைக் கார்டுகளுக்குக் காரணம் வேறு. ஐமேக் 19,1 போன்ற அடையாளத்தைக் கொடுத்தால், மேக் ஓஎஸ் அந்த மேக்குக்குரிய திரைதானா என்று போர்டு ஐடியை வைத்துச் சரிபார்த்து, இல்லையென்றால் திரையை அணைத்துவிடும். ஏஜிடிபிமாட் என்ற பூட் ஆர்க்யுமென்ட்டுக்கு பைகேரா என்ற மதிப்பைக் கொடுத்தால் அந்தச் சோதனை விலகும். இதுவும் இரண்டு பூட்லோடருக்கும் பொதுவே. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கோ 2018இன் மொஹாவே முதல் டிரைவரே வரவில்லை. எந்தப் பூட்லோடரும் அதை ஈடுசெய்யாது.

அப்படியானால் மாற்றியதும் சிலருக்குப் படம் வந்தது எப்படி? ஓப்பன்கோருக்காக கான்ஃபிக்கைப் புதிதாக எழுதியபோது, க்ளோவரில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகிடந்த முரண்கள் தாமாகக் கழிந்தன. க்ளோவரின் கிராபிக்ஸ் இன்ஜெக்ட் வசதி தானாக எழுதும் மதிப்புகள் வாட்எவர்கிரீனோடு மோதக்கூடும். அதை அணைத்திருந்தால் க்ளோவரிலேயே படம் வந்திருக்கலாம். குணமாக்கியது சுத்தம் செய்த வேலை. பூட்லோடரின் பெயருக்கு அதில் பங்கு குறைவு.

மாற்றும்போது எதை எடுத்துச் செல்வது?

எடுத்துச் செல்ல வேண்டியவை சீரியல் எண், போர்டு சீரியல், யுயுஐடி, நிரூபணமான டிவைஸ் பிராப்பர்ட்டிகள். க்ளோவர் காலத்து ஏசிபிஐ பெயர்மாற்றங்களை விட்டுவிடலாம். கிராபிக்ஸ் தொடர்பான பெயர்மாற்றங்களை வாட்எவர்கிரீனே பார்த்துக்கொள்கிறது. க்ளோவர் மிச்சம் வைத்த என்வி ரேம் கோப்புகளையும் ஸ்கிரிப்ட்களையும் நீக்கி, என்வி ரேமை ரீசெட் செய்ய வேண்டும்.

விண்டோஸும் அதே கணினியில் இருப்பவர்களுக்கு இரண்டின் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். க்ளோவர் தன் மாற்றங்களை மேக் ஓஎஸ்ஸுக்கு மட்டும் செய்யும். ஓப்பன்கோர் தன் வழியே ஏறும் எல்லா இயங்குதளத்துக்கும் செய்யும். எனவே எஸ்எஸ்டிடிகளில் டார்வின் (மேக் ஓஎஸ்) என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அப்டேட் எஸ்எம்பயாஸ் மோடை கஸ்டம் என்று மாற்றி, கஸ்டம் எஸ்எம்பயாஸ் ஜிகைடையும் இயக்க வேண்டும்.

இவை அனைத்தையும் முதலில் ஃபேட் 32 பென்டிரைவில் செய்து, அதிலிருந்தே பூட் செய்து பார்ப்பதுதான் பாதுகாப்பு. உள்ளே இருக்கும் டிஸ்க்கின் இஎஃப்ஐயை அதுவரை தொடக் கூடாது. ஓப்பன்கோரின் ஒவ்வொரு பதிப்பிலும் கான்ஃபிக்கின் சாவிச் சொற்கள் மாறக்கூடும் என்பதால், அதே பதிப்போடு வரும் ஓசி வேலிடேட்டில் கோப்பைச் சோதித்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், பூட் விவரங்கள் ஓடும் வெர்போஸ் திரையில் நின்ற கடைசி வரிகளுக்கு ஒரு புகைப்படம். இந்த இரண்டும் இருந்தால் காரணத்தை வேட்டையாட வேண்டியதில்லை.

எது மேல்?

2020இல் க்ளோவரே ஓப்பன்கோரின் பகுதிகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆக, இன்று இரண்டும் பகையாளிகள் அல்ல. யுஇஎஃப்ஐ இல்லாத பழைய மதர்போர்டில், பழைய மேக் ஓஎஸ்ஸில், க்ளோவர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. மற்ற இடங்களில் என் தேர்வு ஓப்பன்கோர். அது திரையைத் தானாகக் கொண்டுவரும் என்பதற்காக அல்ல. எழுதாத எதையும் செய்யாது என்பதால், தவறு நடந்தால் அது எழுதிய வரிகளுக்குள்தான் இருக்கும். தேடும் இடம் சுருங்குகிறது. க்ளோவரின் தாராளம் நிறுவும் நாளில் இனிக்கிறது, பழுது பார்க்கும் நாளில் கசக்கிறது.

ஓப்பன்கோரின் இந்தக் குணம் இனி கூடுதலாகத் தேவைப்படும். 2020இல் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2025இன் டஹோ பதிப்புதான் இன்டெல் கணினிகளுக்குக் கடைசி என்றும் அறிவித்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஹாக்கின்டோஷ்களை இனி அவற்றின் சொந்தக்காரர்கள்தாம் காப்பாற்ற வேண்டும். இருண்ட திரை எந்தக் கட்டத்தில் இருண்டது என்று முதலில் கண்டுபிடியுங்கள், பூட்லோடரை அதன் பிறகு மாற்றுங்கள். மாற்றினால் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொல்லத் தெரிந்த கான்ஃபிக்கை எழுதி, அதன் பிரதியைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.