மரத்தில் ஏறிய கட்டில்

நான் கட்டில் பின்னுகிறவன். எனக்கு முன்னால் அப்பா பின்னினார். தேன்கனிக்கோட்டை வாரச்சந்தைக்கு வரும் காட்டோர ஊர்க்காரர்களில் பாதிப்பேர் எங்கள் கட்டிலில் படுத்தவர்கள்தான். அதனால் பழைய வேட்டைக் கதைகளைப் படிக்கும்போது மற்றவர்களுக்குத் துப்பாக்கி கண்ணில் படும். எனக்கு அந்த ஆள் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் கண்ணில் படும்.

கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் ஜவளகிரி, சிவனிப்பள்ளி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடித் திரிந்து எழுதினார். முதல் புத்தகம் 1954இல் வந்தது. அவர் கதைகளில் மரத்தின்மேல் ஏறுவது பல இடங்களில் கயிற்றுக் கட்டில். ஊரில் படுக்கக் கிடப்பதை எடுத்துப்போய் நான்கு மூலையிலும் கயிறு கொடுத்துக் கிளைகளோடு பிணைத்து, சுற்றிலும் இலைதழை மறைத்து, அதில் இராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது.

கட்டிலை ஏன் எடுத்தார்கள் என்பதற்குக் காரணம் எளிது. புலி அடித்துப்போட்ட மாட்டைப் பொழுது சாயும் நேரத்தில் வந்து திரும்பத் தின்னும். இடையில் கிடைப்பது சில மணி நேரம். அதற்குள் கழி வெட்டி, குறுக்குக் கம்பு போட்டு மேடை கட்டினால் கோடரிச் சத்தம் காடு முழுக்கக் கேட்கும். போதாததற்குப் பச்சைக் கழி வெயிலில் காய்ந்து இராத்திரியில் முனகும். புலிக்கு மோப்பம் அவ்வளவு கூர்மை இல்லை என்று குமாவுன் மலையில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டும் ஆண்டர்சனும் எழுதியிருக்கிறார்கள். காதும் கண்ணும்தான் அதன் ஆயுதம். கட்டிலோ பின்னி முடித்துத் தயாராக இருக்கிறது. தூக்கு, கட்டு, இலை மறை, வேலை முடிந்தது.

ஆனால் தரையில் நல்லதாக இருக்கும் கட்டில் மரத்தில் அப்படியே நல்லதாக இருக்காது. இதை நான் தொழிலாகப் பார்த்துச் சொல்கிறேன். படுக்கிறவனின் பாரம் நீளத்துக்குப் பரவும். உட்காருகிறவனின் பாரம் ஒரே இடத்தில் இறங்கும். நடுவே தொய்ந்து முட்டி மேலே எழும். சட்டத்தின் விளிம்பு தொடையடியை அழுத்தும். ஒரு நாழிகைக்குள் கால் மரத்துப்போகும். மரத்துப்போன காலை நீட்டினால் கட்டில் கிறீச்சென்னும். அன்றைய காவல் அதோடு சரி. அதனால் கால்மாட்டில் இழுத்துக் கட்டும் கயிற்றை வழக்கத்தைவிடவும் முறுக்கேற்ற வேண்டும். விளிம்பில் வைக்கோல் திணித்த சாக்கை மடித்துப் போட வேண்டும். காலும் சட்டமும் சேரும் துளையில் நனைத்த துணியைச் செருகினால் முனகல் அடங்கும். புதுத் தேங்காய்நார்க் கயிறு சத்தம் போடும்; நாடா பின்னிய கட்டில் போடாது. தூக்கும் கயிறு காலில் மாட்டாமல் சட்டத்துக்கு அடியில் சுற்றி வர வேண்டும். காலில் மாட்டினால் மூட்டு ஆடும். வசதி என்பது இந்த இடத்தில் சொகுசு கிடையாது. மாலை ஆறு மணி முதல் விடியும்வரை அசையாமல் இருக்க முடிகிறதா என்பதுதான் வசதி.

வசதி இல்லாமல் உட்கார்ந்தவரின் பாட்டைக் கார்பெட் எழுதியிருக்கிறார். 1910இல் குமாவுன் மலையில் பனார் ஆட்கொல்லிச் சிறுத்தைக்காகக் காத்திருந்தபோது அவருக்குக் கிடைத்தது சாய்ந்து வளர்ந்த ஒரு ஓக் மரம் மட்டும். மேடை கிடையாது. முள்கொம்புகளைக் கட்டுக்கட்டாக மரத்தில் பிணைக்கச் சொல்லி அதையே அரணாக வைத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்தார். இருட்டில் சிறுத்தை வந்து அந்தக் கொம்புகளின் முனையைப் பிடித்து இழுத்தது. கட்டியவர் முடிச்சை ஒழுங்காகப் போட்டிருந்ததால் கார்பெட் மிஞ்சினார் என்றே நான் படிக்கிறேன். 1926இல் ருத்ரபிரயாக் ஆட்கொல்லிச் சிறுத்தையைக் குலாப்ராய் மாமரத்துப் பரணிலிருந்துதான் சுட்டார். அதற்கு அவர் அந்த ஒரே மரத்தில் வரிசையாகப் பத்து இரவு காத்திருந்து, பதினோராவது இரவு பலன் கண்டார். சரியான இருக்கை இல்லாமல் அது எப்படி முடியும்?

இந்த உட்காரும் கலை வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல என்பதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். தினைப்புனம் காத்தவர்களிடமிருந்து வந்தது அது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலேயே புலி அஞ்சும்படி மரத்தின்மேல் கட்டிய இதணம் என்னும் பரண் வருகிறது. அதில் ஏறிப் பெண்கள் கிளி ஓட்டுகிறார்கள். துரைமார் வந்தபோது எந்த மரம் தாங்கும், காற்று எந்தப் பக்கம், எந்தக் கிளையில் முடிச்சு நழுவும் என்பதையெல்லாம் ஊர்க்காரன்தான் காட்டிக்கொடுத்தான். படத்தில் செத்த புலியின்மேல் கால் வைத்து நிற்பவர் பெயர் கிடைக்கிறது. கயிறு கட்டியவன் பெயர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆண்டர்சனை நான் மதிப்பது இந்த விஷயத்தில்தான். முத்தூர்ப் பக்கத்துப் பைராவையும் பென்னாகரத்து ரங்காவையும் அவர் பெயர் சொல்லி, குணம் சொல்லி, நண்பர்களாகவே எழுதினார்.

இருக்கையைத் தேடுவது இன்றும் நிற்கவில்லை. அமெரிக்காவில் வில்லோடு வெண்வால் மானுக்குக் காத்திருக்கும் சிலர் மேடையையே விட்டுவிட்டார்கள். இடுப்பைச் சுற்றி அகலப் பட்டை. அதன் இரண்டு பக்கத்தையும் முன்னால் இணைக்கும் ஒரு கயிறு. அதை மரத்தைச் சுற்றிய கயிற்றில் மாட்டி, அடிமரத்தைப் பார்த்தபடி சாய்ந்து தொங்குகிறார்கள். பாறை ஏறுகிறவர்களின் கச்சை, மரம் வெட்டுகிறவர்களின் கயிறு என்று கையில் கிடைத்ததை வைத்தே தைத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களின் குறையும் எனக்குப் பழகினதுதான்: பட்டை இடுப்பெலும்பை இரண்டு பக்கமும் நெருக்குகிறது. முன்கயிற்றை நீளமாக விடுவது, பட்டையை அகலமாக்குவது, முட்டியை மெத்தை வைத்து மரத்தில் ஊன்றுவது என்று பாரத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைப் பரண் முடிந்தது. முடிந்தது நல்லதுதான். காவல் பரண் முடியவில்லை. கேழ்வரகு கதிர் பிடிக்கும் காலத்தில் யானை இறங்கும் ஊர்களில் இன்றும் மரத்தின்மேல் ஆள் இருக்கிறான், கையில் டார்ச்சும் பட்டாசும். போன பருவத்தில் அப்படி ஒரு பெரியவர் வந்து, "தம்பி, இடுப்பு போகுது, ஏதாவது பண்ணு" என்றார். பழைய கார்களிலிருந்து கழற்றிய சீட் பெல்ட் நாடாவைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, அவருடைய கட்டிலின் மேல்பாதியில் மட்டும் நெருக்கமாகப் பின்னிக் கொடுத்தேன். மழையில் நனைந்தாலும் தேங்காய்நார் மாதிரி அழுகவில்லை, முனகவும் இல்லை. அதே மாதிரி வேண்டும் என்று இந்த வருஷம் அவர் ஊரிலிருந்தே இன்னும் இரண்டு பேர் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.