ஒரு ஷில்லிங் முயல்

பியாட்ரிக்ஸ் பாட்டரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான்: லண்டனில் வசதியான வீட்டுக்குள் வளர்ந்த கூச்ச சுபாவமுள்ள பெண், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு முயல் படம் போட்டுக் கடிதம் எழுதினார், அது புத்தகமாகிப் புகழும் தேடி வந்தது. 1893 செப்டம்பரில் நோயல் மூருக்கு எழுதிய அந்தக் கடிதம் உண்மைதான். ஆனால் அது புத்தகமாகக் கடைக்கு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. இடையில் நடந்தவை தற்செயலுக்குச் சாட்சி சொல்லவில்லை. கடிதத்தை இரவல் கேட்டு வாங்கிக் கதையை நீட்டினார்; பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பினார்கள். பெரிய புத்தகமாகப் போடலாம் என்ற யோசனை வந்தபோது, ஆறு ஷில்லிங் கொடுத்து எந்தப் பிள்ளை வாங்கும் என்று மறுத்துவிட்டார். சின்னக் கைக்கு அடங்கும் அளவு, ஒரு ஷில்லிங்கை ஒட்டிய விலை, சில வரிகளுக்கு எதிரே ஒரு படம்: இதுதான் அவர் கணக்கு. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார்.

பணக்கார வீட்டுப் பெண், அச்சிட முடிந்தது என்று சொல்லலாம். சரி, பணம் 250 பிரதிகளுக்கு வழிசெய்தது. முன்பு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய வார்ன் பதிப்பகமே 1902 அக்டோபரில் அதே சிறிய வடிவில் வெளியிட்டதைப் பணம் விளக்காது. வண்ணப் படங்கள் வார்னின் நிபந்தனை, பாட்டர் முதலில் விரும்பாதது. அந்தப் பெருமை பதிப்பாளருக்கே. படங்களின் பலமோ வேறிடத்தில் இருக்கிறது. நீலச் சட்டை போட்ட கதைநாயக முயல் பீட்டர் மனிதப் பிள்ளையைப் போல நிமிர்ந்து நிற்கிறான். காலணிகள் தொலைந்ததும் நாலு காலில் ஓடுகிறான், சட்டையும் போனபின் முழு முயலாகிவிடுகிறான். வளர்த்த முயல்களை ஆண்டுக்கணக்கில் வரைந்து பழகிய கைக்குத்தான் இது வரும். கூர்ந்து கவனிப்பதும் அவருக்குப் புதிதல்ல: காளான்களைப் பற்றி 1897இல் இயற்கையியல் அமைப்பான லின்னேயன் சங்கத்துக்குக் கட்டுரை தந்தவர் அவர்.

வியாபாரமும் தெரிந்தவர். 1903இல் பீட்டர் பொம்மையைத் தானே வடிவமைத்துப் பதிவுசெய்தார். அமெரிக்காவில் புத்தகத்தின் பதிப்புரிமையைப் பதிவுசெய்யாமல் விட்டதோ வார்ன்தான். அங்கே திருட்டுப் பதிப்புகள் பெருகின. 1905இல் பாட்டர் புத்தக வருமானத்தோடு உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பிறகு ஆடு வளர்ப்பில் இறங்கி எழுத்தைக் குறைத்துக்கொண்டதை வீழ்ச்சி என்பவர்கள், 1943இல் அவர் நிலங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச்சென்ற சுமார் 4,000 ஏக்கரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.