கல்லில் ஒரு பாஸ்புக்!

செல்போனில் முதன்முறையாக வங்கி ஆப் வைத்துக்கொண்ட யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'ஈஸியா இருக்கு', 'க்யூவில் நிக்க வேணாம்' என்பதெல்லாம் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது ஒரு படபடப்பு. 'பட்டனை அமுக்கிட்டேன்... பணம் போய்ச் சேர்ந்துச்சா?'

கேட்பவர் தி.நகர்வாசியாக இருக்கலாம். உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனத்தில், நெல் போட்ட காசுக்குக் காத்திருக்கும் விவசாயியாகவும் இருக்கலாம். கேள்வி ஒன்றுதான். அந்த வட்டாரத்துக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. சோழர் காலத்திலேயே கேட்ட கேள்வி!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில் இருக்கிறது திருப்புலிவனம். புலிக்கால் முனிவர் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் வியாக்ரபுரீஸ்வரர் கோயில்தான் ஊரின் அடையாளம். சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதிகம். சுவரைப் பார்க்கிறவர்கள் குறைவு. அங்கே சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

அந்தக் காலத்துக் கோயிலும் ஊர்ச் சபையும் சேர்ந்து பார்த்த வேலையில் பாதி, இன்று வங்கி பார்க்கிற வேலை. விளக்கு எரிக்க ஒருத்தர் பொன் கொடுப்பார். சபை அதை வாங்கிக்கொண்டு, வட்டியிலிருந்து எண்ணெய்ச் செலவை ஏற்கும். வட்டிக்கு அப்போது 'பொலிசை' என்று பெயர். பொன்னுக்குப் பதில் ஆடு கொடுத்தவர்களும் உண்டு. ஒரு நந்தா விளக்குக்குப் பல கோயில்களில் 96 ஆடு கணக்கு. அந்த ஆடுகளுக்கு வைத்த பெயரைக் கேளுங்கள்... 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு தட்டாத ஆடுகள்! ஒன்று செத்தால் குட்டி ஒன்றைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காப்பது மேய்ப்பவர் பொறுப்பு. கோயிலுக்கு நெய் வந்துகொண்டே இருக்கணும். முதலைத் தொடாதே, வட்டியை மட்டும் எடு என்பதை பி.காம். வகுப்பில்கூட எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

சரி, கொடுத்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் விளக்கு எரிகிறதா என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் கல். யார் கொடுத்தது, எவ்வளவு, வாங்கிக்கொண்டது யார், பொறுப்பு யாருக்கு... எல்லாவற்றையும் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஊரில் எல்லோருக்கும் படிக்கத் தெரியாதுதான். ஆனால், தெரிந்த ஒருத்தர் படித்துவிட்டு, 'ஏம்ப்பா, விளக்கு எங்கே?' என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

பக்கத்தில் உத்திரமேரூர் சபை இதில் இன்னும் கறார். பராந்தகச் சோழன் காலத்தில், 919-ல் குடவோலை முறைக்கு விதிகள் வகுத்தார்கள். இரண்டே வருஷத்தில், 921-ல் அவற்றைத் திருத்தினார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், அப்டேட்! உறுப்பினர் வயது 30 முதல் 60 என்றிருந்தது, 35 முதல் 70 ஆனது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கும் ஒரு வாரியம். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது! குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கணும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிடக் கூடாதே!

ரொம்பவும் புல்லரித்துவிட வேண்டாம். அது நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆனாலும், அடுத்தவர் பணத்தைத் தொடுகிறவன் கையை விரித்துக் காட்டணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அது தெரியாமல் போனால் என்ன ஆகும்? 1906 அக்டோபரில் சென்னை பார்த்தது. ஆர்பத்நாட் கம்பெனி என்றால் அன்றைக்கு அசைக்க முடியாத வெள்ளைக்காரக் கம்பெனி. ஆயிரக்கணக்கானவர்கள் சேமிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். லண்டன் கூட்டாளியின் சூதாட்டத்தனமான வியாபாரம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது வெளியே யாருக்கும் தெரியாது. ஒருநாள் கதவு மூடிவிட்டது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். போட்ட பணம்? பலருக்கு முழுசாகத் திரும்பவில்லை. அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான், வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உருவாக்கி, 1907 ஆகஸ்ட் 15-ல் செயல்படத் தொடங்கிய இந்தியன் வங்கி.

பிறகு பாஸ்புக் வந்தது. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, கிராமங்களுக்குக் கிளைகள் வந்தன. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. அந்த நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போக, டிசம்பர் கடைசியில் 'பீம்' ஆப் வந்து சேர்ந்தது. 2023 ஆகஸ்ட்டில் யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடியைத் தாண்டின. டீக்கடைப் பெட்டி, பணம் வந்துவிட்டதாகக் குரல் கொடுக்கிறது. நம் படபடப்புக்கு அதுதான் மருந்து. ஊர் கேட்க ஒரு சாட்சி!

ஆனால், ஒரு விஷயம் தலைகீழாகிவிட்டது. கல்வெட்டில் கணக்கு ஊருக்கே தெரியும். ஆப்பில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தரங்கம் என்ற வகையில் அது நல்லதுதான். அந்தத் திரையைப் படிக்க முடியாதவர் என்ன செய்வார்? 'தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா' என்று போனையே நீட்டுகிறார். கூடவே ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார். பல மோசடிகளுக்குக் கதவு திறப்பது அங்கேதான்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வங்கி மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை, மூன்றாவது ஆள் புகுந்து பணத்தை எடுத்துவிட்டான் என்றால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமில்லை என்றது. ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போன பணம் உங்கள் தலையில்தான். கைநாட்டு வைக்கும் பாட்டிக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்வது? ஆப்பின் நிபந்தனைகளை நாமே படிக்காமல்தானே 'சம்மதம்' என்று தட்டுகிறோம்!

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே வேண்டாம்; கேட்டால் அது திருட்டு. வங்கி ஒருநாளும் போனில் அந்த எண்ணைக் கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யணும்.

இது நம் பங்கு. வங்கிகளின் பங்கு? கணக்கைத் தமிழில், பெரிய எழுத்தில், பாட்டிக்குப் புரிகிற மாதிரி காட்டுவது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் உளியால் முடிந்த காரியம். ஐந்து விரலையும் விரிக்க மனசு இருந்தால் போதும்!