வெட்டிய குடலும் ஒரு சிறுநீரகக் கட்டியும்



குடலில் சத்திரசிகிச்சை செய்து ஒருவர் வீட்டுக்கு வந்தால், பார்க்கப் போகும் நாங்கள் கேட்பது "எத்தனை அடி எடுத்தாங்களாம்?" என்றுதான். டொக்டர்மார் பார்ப்பது மிச்சம் எவ்வளவு என்று. வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர். 2 மீற்றருக்கும் குறைவாக மிஞ்சினால் சாப்பிட்டது உடம்பில் சேராது, வயிற்றோட்டமாகப் போய்விடும். குடல் முறுக்கிக்கொள்வது, குடலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது, யுத்த காலத்தில் வயிற்றில் பாய்ந்த ஷெல் துண்டு என்று காரணங்கள் பல.

முன்பு இப்படியானவர்கள் மெலிந்தே மௌத்தானார்கள். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்லி டட்ரிக், முழுச் சாப்பாட்டையும் திரவமாகப் பெரிய நாளம் வழியாக ஏற்றலாம் என்று காட்டினார். உயிர் தப்பியது. ஆனால் இரவிரவாகக் குழாயோடு கிடக்க வேண்டும், கிருமி தொற்றும், நாளடைவில் ஈரலும் பழுதாகலாம்.

குர்பான் ஆட்டின் சிறுகுடலைப் பிரட்டிக் கழுவியவர்களுக்கு அதன் உள்பக்கம் வெல்வெட் துணி போல இருப்பது தெரியும். பாடப்புத்தகத்தில் சடைமுளைகள் என்று படிப்பது அதைத்தான். உணவை உறிஞ்சுவது அவைதான். 1912இல் ஜோசப் பிளின்ட் நாய்களின் குடலில் பெரும்பகுதியை வெட்டிப் பார்த்தார். மிஞ்சிய குடலில் சடைமுளைகள் பெருத்திருந்தன. அவற்றை வளரச் சொன்னது எது?

பதில் யாரும் தேடாத இடத்திலிருந்து வந்தது. லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தில் கட்டி. அவருடைய சிறுகுடலின் சடைமுளைகளோ வழமைக்கு மாறாக நீண்டு வளர்ந்திருந்தன. கட்டியை எடுத்ததும் குடல் பழைய நிலைக்குத் திரும்பியது. கட்டி ஏதோ ஓமோனைச் சுரந்திருக்கிறது என்று வைத்தியர்கள் 1971இல் எழுதினார்கள். சிறுநீரகக் கட்டியையும் குடலின் மாற்றத்தையும் இணைத்துப் பார்த்தார்களே, அதுதான் எங்களுக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

அந்த ஓமோன் எது என்று தெரிய இன்னும் 25 வருடங்கள் எடுத்தது. 1996இல் கனடாவின் ரொறன்ரோவில் டானியல் ட்ரக்கர் குழுவினர், ஜீஎல்பி-2 என்ற ஓமோன் எலிகளின் குடலை வளர வைப்பதைக் கண்டார்கள். (இன்று சீனி வருத்தத்துக்கும் உடம்பு குறைக்கவும் போடும் ஊசிகள் இதன் கூடப்பிறப்பான ஜீஎல்பி-1 வழி வந்தவை.) இயற்கையான ஜீஎல்பி-2 இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே உடைந்துவிடும். அதில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றி, உடையாமல் கூடநேரம் நிற்க வைத்தார்கள். அதுதான் டெடுகுளுடைட் ஊசி, தினமும் தோலுக்கடியில் போடுவது. 86 பேரில் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 63 வீதத்தினருக்கு நாளம் வழி ஏற்றும் திரவம் ஐந்திலொரு பங்காவது குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களில் அது 30 வீதம். 2012இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. வளர வைக்கும் மருந்து என்பதால் குடலில் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை.

விலை? வெளிவந்தபோது அமெரிக்காவில் வருடத்துக்கு ஏறத்தாழ 3 இலட்சம் டொலர். மன்னாரில் ஒரு கடற்றொழிலாளி குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத தொகை.

இதே 1971இல், பங்களாதேஷ் அகதி முகாம்களில் கொலராவால் மடிந்துகொண்டிருந்தவர்களுக்கு டொக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். நம் வீடுகளில் இருக்கும் ஜீவனிப் பக்கற் அந்த வழி வந்ததுதான். குடல் குறைந்தவர்களுக்கும் இந்த மாதிரிக் கரைசல் முக்கியம். "நல்லாத் தண்ணி குடி" என்று நாங்கள் சொல்லும் புத்திமதி அவர்களுக்குக் கூடாது. வெறும் தண்ணீர் உடம்பின் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். எவ்வளவு உப்பு, எவ்வளவு கரைசல் என்பதை அவர்களுடைய டொக்டர் சொல்வார்.

மருந்து இல்லாமலும் மிச்சக் குடல் தானாகப் பழகும், அதற்கு ஒன்றிரண்டு வருடங்கள் எடுக்கும். இடையில் ரமழான் வந்தால் டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்க விடாதீர்கள். "ஒண்டையாவது பிடியன்" என்று நெருக்கவும் வேண்டாம்.